பகாவிலிருந்து சிரம்பானுக்குத் தினமும் காடி ஓட்டுபவர்களுக்கு: எண்ணெய்ச் செலவைக் குறைக்கும் வழி

2025 அக்டோபர் மாதக் கடைசி. பகாவில் எண்ணெய் நிலையத்தில் என் அடையாள அட்டையான மைகாட்டைச் செருகினேன். அந்த மாதத்துக்குரிய 300 லிட்டர் மானிய எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று திரையில் வந்தது. மாதம் முடிய இன்னும் இரண்டு நாள் வேலை இருந்தது. மிச்ச எண்ணெயை முழு விலையில் ஊற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் என் காடி எவ்வளவு குடிக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது.

எனக்குச் சிரம்பானை ஒட்டிய செனவாங்கில் தொழிற்சாலை வேலை. ஒரு வழிக்கு 60 கிலோமீட்டர் சொச்சம். கோலப்பிலா தாண்டி புக்கிட் பூத்துஸ் மலை ஏறி இறங்க வேண்டும். மாதம் 24 நாள் வேலைக்கு 3,000 கிலோமீட்டர், வார இறுதியில் அம்மாவின் பூக்கடைச் சாமான் ஏற்ற இன்னொரு 450. தோட்டத்தைவிட்டு வெளியே வேலைக்குப் போகத் தொடங்கும் நம் பிள்ளைகள் பலர் முதல் சம்பளத்தில் பழைய காடி ஒன்றை வாங்கி இதே பாதையில்தான் ஓடுகிறார்கள். நான்கு மாதம் நான் அலைந்து தெரிந்துகொண்டதை, அவர்கள் குழம்பாமல் வரிசையாகச் செய்து முடிக்கலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் காடி புரோட்டோன் சாகா, 1.3 லிட்டர், கியர் மாற்றி ஓட்டும் வகை. உங்களுடையது மைவியோ ஆக்சியாவோ எதுவாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

1. முதலில் அட்டையும் உரிமமும்

ரோன் 95 பெட்ரோலுக்கு அரசு மானியம் தரும் புடி95 திட்டம் 2025 செப்டம்பர் 30 முதல் எல்லா மலேசியக் குடிமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. தொடங்கியபோது ரோன் 95 மானிய விலை லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு, ஆளுக்கு மாதம் 300 லிட்டர். மானியம் இல்லாத விலை அப்போது 2 வெள்ளி 60 காசு. அந்த விலை வாரந்தோறும் மாறும், புதன்கிழமை மாலை அறிவிப்பார்கள். நீங்கள் படிக்கும் நேரத்து விலையையும் அளவையும் புடி மடானி இணையத்தளத்தில் பாருங்கள். உங்கள் மீதி லிட்டரையும் அங்கேயே பார்க்கலாம்.

தேவைப்படுவது இரண்டு. சில்லு வேலை செய்யும் மைகாட், காலாவதியாகாத ஓட்டுநர் உரிமம். உரிமம் செத்துப்போயிருந்தால் மானியம் கிடைக்காது. காடி ஓட்டும் உரிமத்தைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 30 வெள்ளி, சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) மைஜேபிஜே செயலியிலேயே முடித்துவிடலாம். மைகாட்டைக் காற்சட்டைப் பின்பையில் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்தே பலருக்குச் சில்லு கெட்டுவிடுகிறது. அதைப் பதிவிலாகாவில்தான் மாற்ற வேண்டும், அதற்கு அரை நாள் விடுப்பு போகும். உறை போட்டு வையுங்கள்.

ஒரு மாதம் மிச்சம் வைத்த லிட்டர் அடுத்த மாதத்துக்குச் சேராது. அதனால் மாதக் கடைசியில் தொட்டியை நிரப்பிவிட்டு மாதம் தொடங்குவது நல்லது.

2. எதையும் கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் தாண்டினேன். முதல் வாரத்திலேயே நாலைந்து மாற்றம் செய்துவிட்டு, எது பலன் தந்தது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பழையபடி வைத்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

தேவை: ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், பேனா, எண்ணெய் நிலைய ரசீது. செலவு 2 வெள்ளிகூட ஆகாது.

தொட்டியை நிரப்புங்கள். குழாய் தானாக 'டக்' என்று நின்றதும் நிறுத்திவிடுங்கள். காசை முழுசாக்க மேலும் மேலும் அழுத்தாதீர்கள், கணக்கு கெடும், வழிந்து ஆவிக்குழாய்க்குள்ளும் போகும். ஓடிய தூரம் காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். தொட்டி கால்வாசிக்கு வரும்வரை எப்போதும்போல் ஓட்டுங்கள். பிறகு அதே நிலையம், அதே பம்பு, அதே மாதிரி முதல் 'டக்' வரை. ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும்.

ஒரு தொட்டியை நம்பாதீர்கள். மழை வாரம், பள்ளி விடுமுறை வாரம், லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட வாரம் எல்லாம் எண்ணை ஆட்டும். மூன்று தொட்டி எடுத்துக் கூட்டி வகுத்துக்கொள்ளுங்கள். என் பாதைக்கு அது இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். எனக்கு வந்த எண் 11.1. மாதம் 3,450 கிலோமீட்டருக்கு 311 லிட்டர். அந்தப் 11 லிட்டருக்குத்தான் முழு விலை கொடுத்தேன்.

காடியின் திரை காட்டும் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். ரசீதில் உள்ள லிட்டர்தான் நீங்கள் காசு கொடுத்த லிட்டர்.

3. பின்பெட்டியைக் காலி செய்யுங்கள், ஆனால் அதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்

என் மாமா ரப்பர் கட்டிப்பால் வாங்கி விற்பவர். அவரிடமிருந்த கொக்கித் தராசை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கிவந்து, வீட்டு வாசலில் காடியின் பின்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மாட்டி நிறுத்தேன். பாட்டுப்பெட்டிக்காக முன்பு வாங்கிய பெரிய ஒலிப்பெட்டி 19 கிலோ. மாற்றிய பழைய பேட்டரி 13. செடிக்கு வாங்கி மிச்சமான உர மூட்டை 17. கருவிப்பெட்டி 11. தண்ணீர்க் கலன் இரண்டு, 10. குடை, செருப்பு, கல், கயிறு என்று சில்லறைச் சாமான் 6. மொத்தம் 76 கிலோ. தினமும் ஓர் ஆளைச் சும்மா ஏற்றிக்கொண்டு சிரம்பான் போய் வந்திருக்கிறேன்.

அவ்வளவையும் இறக்கினால் பெரிய லாபம் வரும் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்குப்படி 45 கிலோ கூடினால் செலவு ஏறக்குறைய 1 விழுக்காடு கூடும். சின்னக் காடிக்கு அது கொஞ்சம் அதிகமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஏன் என்று புரிந்துகொள்வது நல்லது. எடை எண்ணெயைக் குடிப்பது மூன்று நேரங்களில்: நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, மேடு ஏறும்போது, டயர் உருளும்போது. ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் கால்பங்குதான் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் வெப்பமாகப் போய்விடும். 1,200 கிலோ காடி 100 மீட்டர் உயரம் ஏற ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் வேண்டும். அதில் என் 76 கிலோ குப்பையின் பங்கு 9 மில்லிலிட்டர், இரண்டு தேக்கரண்டி. மேடுகள் நிறைய இருந்தால் அதுவும் சேரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதே காடி நின்ற இடத்திலிருந்து 90 கிலோமீட்டர் வேகம் எடுக்க ஏறக்குறைய 47 மில்லிலிட்டர் செலவாகிறது. பிரேக் மிதித்தால் அத்தனையும் பிரேக் தட்டில் சூடாகப் போய்விடுகிறது. அதை 5ஆம் படியில் சொல்கிறேன்.

இறக்கக் கூடாதவை: மாற்றுச் சக்கரம், ஜாக், சக்கரத் திருகி, எச்சரிக்கை முக்கோணம். மாற்றுச் சக்கரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போன ஒருவர் இரவு ஜூவாசேக்கு அப்பால் டயர் வெடித்து இரண்டு மணி நேரம் நின்றார். இழுவண்டிக்கு அவர் கொடுத்த காசில் மூன்று மாத எண்ணெய் மிச்சம் போய்விட்டது. பின் இருக்கையைக் கழற்றிவிடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். இருக்கை, எஞ்சின், உடல் அமைப்பு போன்றவற்றை ஜேபிஜே அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. விபத்து நடந்தால் காப்புறுதிக் கோரிக்கையும் சிக்கலாகும்.

அரைத் தொட்டி மட்டும் ஊற்றினால் எடை குறையுமே என்பார்கள். 40 லிட்டர் எண்ணெயின் எடை 30 கிலோ. பாதி குறைத்தால் 15 கிலோ. நிலையத்துக்கு ஒருமுறை கூடுதலாகப் போய் வரிசையில் நிற்பதற்கு அது ஈடாகாது.

4. டயர் காற்று: காசில்லாத வேலை, காலையில் செய்யுங்கள்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும். முன்சக்கரம், பின்சக்கரம், ஆள் குறைவாக இருக்கும்போது, நிறைய இருக்கும்போது என்று காற்றழுத்தம் எழுதியிருப்பார்கள். அதுதான் உங்கள் எண். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். இந்தத் தவற்றைக் கடைக்காரர்கள்கூடச் செய்கிறார்கள்.

நிலையத்துக் கருவி கிலோபாஸ்கலில் காட்டும், ஒட்டுத்தாளில் பிஎஸ்ஐயும் இருக்கும். 200 கிலோபாஸ்கல் என்றால் 29 பிஎஸ்ஐ, 220 என்றால் 32.

காற்றைக் குளிர்ந்த டயரில்தான் பார்க்க வேண்டும். வேலை முடிந்து 60 கிலோமீட்டர் ஓடிவந்த டயர் சூட்டில் உப்பியிருக்கும், அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதை நம்பிக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை டயர் தளர்ந்து கிடக்கும். வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்குப் பக்கத்து நிலையத்தில் ஐந்து நிமிடம் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. சொந்தமாக ஓர் அளவி வாங்கிவைத்தால் இன்னும் நல்லது, எனக்கு 18 வெள்ளி ஆனது.

நான்கு டயரிலும் சராசரி 1 பிஎஸ்ஐ குறைந்தால் செலவு 0.2 விழுக்காடு கூடும். என் டயர்கள் 30 இருக்க வேண்டிய இடத்தில் 23 இருந்தன. தோட்டச் சாலையில் குலுங்கல் தெரியாமல் இருக்கட்டும் என்று நம்மில் பலர் காற்றை இறக்கியே வைக்கிறோம். செம்மண் சாலையில் உருளும் தடை தார்ச்சாலையைவிடக் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் ஓட்டத்தில் அது எத்தனை கிலோமீட்டர்? எனக்கு இரண்டு. மிச்ச 60 கிலோமீட்டருக்கு அந்த மெத்தைக்கான விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதிகமாகவும் அடிக்காதீர்கள், மழையில் பிரேக் பிடிக்கும்போது டயர் தரையைக் கவ்வாது.

சாமானை இறக்கியதும் காற்று அடித்ததும் சேர்ந்து, அடுத்த மூன்று தொட்டியில் 11.1 என்பது 11.5 ஆனது.

5. கூரையில் இருப்பதைக் கழற்றுங்கள், அப்புறம் வேகத்தைக் குறையுங்கள்

லாபத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

காற்றின் தடை வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. என் காடி அளவுள்ள வண்டிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தில் டயர் இழுப்பதும் காற்று இழுப்பதும் சமமாக இருக்கும். 90இல் டயரின் இழுப்பு பெரும்பாலும் அப்படியே இருக்க, காற்றின் இழுப்பு இரண்டேகால் மடங்காகிவிடும். 90இலிருந்து 110க்குப் போனால் அதற்கும் மேல் பாதி கூடும். எடை எவ்வளவு என்று காற்றுக்குக் கவலையில்லை. காடியின் முகம் எவ்வளவு அகலம், உருவம் எவ்வளவு வழவழப்பு என்பதுதான் கணக்கு.

என் காடியின் கூரையில் இரும்புச் சட்டமும் கூடையும் இருந்தன. அக்கா கல்யாணத்துக்குப் பந்தல் கம்பு ஏற்றப் போட்டது. கல்யாணம் முடிந்து ஒன்றரை வருடமாகியும் அப்படியே கிடந்தது. வேகம் எடுத்தால் 'ஊ' என்று ஓர் ஓசை கேட்கும். கதவு ரப்பர் தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காற்று அந்தக் கம்பிகளில் மோதிச் சுழலும் ஓசை அது. உங்கள் காடியிலும் 80ஐத் தாண்டியதும் புதிதாக ஓர் இரைச்சல் வந்தால் கூரையைப் பாருங்கள். கூரைமேல் பெரிய பெட்டி வைத்து ஓடினால் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு ஓடும் தூரம் 6 முதல் 17 விழுக்காடு வரை குறையும், நகரத்துக்குள் 2 முதல் 8. அதே சாமானைப் பின்பெட்டிக்குள் வைத்தால் காற்றுக்கு அது தெரியவே தெரியாது.

கழற்ற 10ஆம் எண் திருகி போதும். என்னுடையதில் மரைகள் துருப்பிடித்திருந்தன. துரு எண்ணெய் தெளித்து ஓர் இரவு விட்டும் இரண்டு அசையவில்லை. பட்டறையில் 20 வெள்ளி கொடுத்து அரை மணி நேரத்தில் எடுத்தேன். வேறு எதுவுமே மாற்றாமல் மூன்று தொட்டி ஓட்டினேன். 12.3. பின்பெட்டியும் டயரும் சேர்ந்து தந்ததைப்போல் இரண்டு மடங்கு லாபம், அந்த ஒரு சட்டத்தில்.

அடுத்தது வேகம். கூட்டரசு சாலையில் வேக வரம்பு 90. நான் 100, 105 என்று போய்க்கொண்டிருந்தேன். 60 கிலோமீட்டரை 100இல் ஓடினால் 36 நிமிடம், 85இல் ஓடினால் 42 நிமிடம். கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில் எனக்கு நான்கு நிமிடம்தான் வித்தியாசம் வந்தது, ஏனென்றால் கோலப்பிலா விளக்குகளிலும் மலைப் பாதை லோரிகளுக்குப் பின்னாலும் எப்படியும் எல்லாரும் ஒன்றாகத்தான் நிற்கிறோம். காலை 5.50க்குக் கிளம்பியவன் இப்போது 5.45க்குக் கிளம்புகிறேன்.

மூன்றாவது, பிரேக். முன்னே சிவப்பு விளக்கு தெரிந்தால் தூரத்திலேயே எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிடுங்கள், கியரில் இருக்கட்டும். இக்காலத்துக் காடிகளில் காலை எடுத்தவுடன், கியரில் ஓடிக்கொண்டிருக்கும் வரை எண்ணெய் தெளிப்பு நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் சும்மா சுற்றவே எண்ணெய் குடிக்கும். புக்கிட் பூத்துஸ் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் போகும் பழக்கம் சிலருக்கு உண்டு. எண்ணெயும் மிச்சமாகாது, எஞ்சின் பிடிப்பு இல்லாமல் பிரேக் சூடேறிச் செயலிழக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். லோரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் காற்றுத் தடை குறையும் என்பது உண்மை. ஆனால் குறையும் அளவுக்குப் பக்கத்தில் போனால் லோரி பிரேக் பிடிக்கும்போது உங்களுக்கு நேரம் இருக்காது. அதையும் செய்யாதீர்கள்.

வேகமும் பிரேக்கும் கைக்குப் பழக ஒரு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு 13.5.

குளிர்சாதனம் பற்றி: ஊருக்குள் மெதுவாகப் போகையில் கண்ணாடியை இறக்கலாம், பெருஞ்சாலையில் மூடிவிட்டுக் குளிர்சாதனம் போடுவதே மேல். காடியை நிறுத்தி வைத்துக்கொண்டு அதை ஓடவிடுவதுதான் வீண், சின்ன எஞ்சினே மணிக்கு அரை முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும்.

நான்கு சக்கர பிக்கப் வைத்திருப்பவர்கள் பின்கதவைத் திறந்துபோட்டு ஓடினால் காற்று தடையில்லாமல் போகும் என்று நினைப்பதுண்டு. மூடியிருந்தால்தான் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்குள் காற்று சுழன்று தங்கி, மேலே வரும் காற்று அதன்மீது வழுக்கிப் போகும். மூடியே ஓடுங்கள்.

6. காசு கொடுக்கக் கூடாத இடங்கள்

சிகரெட் துளையில் செருகினால் எண்ணெய் மிச்சமாகும் என்று ஒரு சின்னக் கருவியை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 90 வெள்ளிக்கு வாங்கினேன். மூன்று தொட்டி செருகியும் மூன்று தொட்டி செருகாமலும் ஓட்டினேன். எண்ணில் அசைவே இல்லை. குழாயில் கட்டும் காந்தம், தொட்டியில் போடும் மாத்திரை எல்லாவற்றையும் இதே மாதிரி அளந்து பார்த்தவர்களிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். அந்த 90 வெள்ளி எனக்கு 45 லிட்டர் எண்ணெய்.

பின்னால் ஒட்டும் பெரிய இறக்கை அழகுக்குத்தான். நம் வேகத்துக்கு அது இழுக்குமே தவிர உதவாது. அகலமான டயரும் அப்படித்தான், எடையும் கூடும், காற்றுக்குக் காட்டும் முகமும் கூடும். டயர் மாற்றும் நாள் வந்தால் பழைய அளவிலேயே வாங்குங்கள்.

7. கணக்கு

திட்டம் தொடங்கியபோதிருந்த விலையையும் அளவையும் வைத்துப் போட்ட கணக்கு இது. முன்பு மாதம் 311 லிட்டர். 300 லிட்டர் மானிய விலையில் 597 வெள்ளி, மிச்சம் 11 முழு விலையில் 28 வெள்ளி 60 காசு. மொத்தம் 625 வெள்ளி சொச்சம். இப்போது அதே தூரத்துக்கு 256 லிட்டர், 509 வெள்ளி. மாதம் 116 வெள்ளி மிச்சம். இதற்குச் செலவானது அளவி 18, பட்டறை 20, நோட்டு 2, ஆக 40 வெள்ளி.

நீங்கள் செய்வதென்றால் முதல் இரண்டு வாரம் அளப்பது மட்டும். மூன்றாம் வார ஞாயிறு பின்பெட்டியும் டயரும், ஒரு காலைப் பொழுது போதும். கூரைச் சட்டம் இருந்தால் அதற்கு இரண்டு வாரம் கழித்து. வேகத்தை அதற்கும் பிறகு. ஒவ்வொன்றுக்கும் இடையில் மூன்று தொட்டி கட்டாயம்.

சட்டத்தை நான் விற்கவில்லை. தைப்பூசத்துக்கு அம்மாவின் பூக்கடைக் கூடாரக் கம்பிகளை ஏற்ற மறுபடி தேவைப்பட்டது. முதல் நாள் மாலை மாட்டினேன், திரும்பி வந்த மறுநாள் கழற்றிவிட்டேன், இருபது நிமிட வேலை. மரைகளுக்குப் பசை எண்ணெய் தடவி, 10ஆம் எண் திருகியோடு சேர்த்து ஒரு மைலோ டின்னில் போட்டு வாசல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.